கெட்டுப்போகாத பெயர்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் கதவில் எட்டுப் புட்டிகள் நிற்கின்றன. தக்காளி கெட்சப், சோயா சாஸ், பச்சைமிளகாய் சாஸ், வினிகர், மயோனைஸ், கடுகு விழுது (யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது, ஒரு தடவை திறந்து மூடியதோடு சரி), ஜாம், கடைசியாகப் பெயரில்லாத ஒரு கண்ணாடிப் புட்டி. அந்தக் கடைசிப் புட்டிக்குப் பிறகு வருகிறேன். மற்றவற்றைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது, ஃபிரிட்ஜில் குளிர்ச்சி குறைந்த இடம் கதவுதான் என்பது. திறக்கும்போதெல்லாம் வெளிக்காற்று அதன்மேல்தான் படுகிறது. பாலை அங்கே வைக்காதே என்கிறார்கள், முட்டையைக்கூட வேண்டாம் என்கிறார்கள். குளிர் அதிகம் தேவைப்படாதவர்களுக்கு ஒதுக்கப்பட்ட திண்ணை அது. மயோனைஸைத் தவிர்த்துப் பார்த்தால், அங்கே நிற்பவை எல்லாம் உப்பு, புளிப்பு, சர்க்கரை என்று ஏதோ ஒரு காவலோடு வந்தவை. அவற்றின் முன்னோர் பிறந்ததே ஃபிரிட்ஜ் என்று ஒன்று இல்லாததனால்தான்.

கெடாமலிருப்பதற்காக உண்டாக்கப்பட்ட பொருள்கள், கெடாமல் வைக்கும் பெட்டிக்குள் போய் நிற்கின்றன. இந்த அபத்தம்தான் என்னை எழுதத் தூண்டியது என்றால் அது பாதி உண்மை. மறுபாதி, சில மாதங்களுக்கு முன் நண்பர்கள் கூடியிருந்த ஒரு மாலைப் பேச்சு. மரபைப் பற்றிய பேச்சு. (நம்மிடையே வேறென்ன பேச்சு நடக்கிறது?) கவிஞர் ஒருவர், மரபு என்பது ஊறுகாய் ஜாடி மாதிரி, உள்ளே இருப்பது மாறாமல் காலத்தைக் கடந்து வருவது என்றார். எதிரே உட்கார்ந்திருந்தவர் உடனே, மரபாவது ஒன்றாவது, அது வெறும் லேபிள், உள்ளே இருந்ததை எப்போதோ மாற்றிவிட்டார்கள் என்றார். இருவருக்கும் ஊறுகாயும் தெரியாது, லேபிளும் தெரியாது என்று எனக்குப் பட்டது. ஆனால் அன்று நான் வாய் திறக்கவில்லை. எனக்கும்தான் தெரியாது. வீட்டுக்கு வந்து கெட்சப் புட்டியின் சரித்திரத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். வங்கியில் பழைய லெட்ஜர்களைப் புரட்டுகிற கைக்கு இது பழக்கமான வேலைதான்.

கெட்சப் என்ற சொல் சீனச் சொல். தென்சீனத்தின் ஃபூஜியன் கடற்கரையில் பேசப்படும் ஹொக்கியன் மொழியில் 'கே-ட்சியாப்' என்றால் மீனை உப்பிலிட்டு நொதிக்கவைத்து வடித்த சாறு. வேறு பிறப்புச் சொல்பவர்களும் உண்டு. ஆனால் மொழியியலாளர்களில் பலரும் ஏற்பது இதைத்தான். டான் ஜுராஃப்ஸ்கி 2014இல் வெளியிட்ட, உணவின் மொழி பற்றிய நூலில் இந்த வம்சாவளியை விஸ்தாரமாகச் சொல்கிறார். ஃபூஜியன் வணிகர்களும் மாலுமிகளும் இந்தச் சாற்றையும் சொல்லையும் தென்கிழக்காசியத் துறைமுகங்களுக்குக் கொண்டுபோனார்கள். மலாயிலும் இந்தோனேஷிய மொழியிலும் அது இன்றும் இருக்கிறது, கெச்சாப், கிச்சாப் என்று. ஆனால் அங்கே அதன் அர்த்தம் சோயா சாஸ். ஆக, தக்காளியைச் சந்திப்பதற்கு முன்பே அந்தச் சொல் ஒருமுறை மீனைக் கைவிட்டிருக்கிறது.

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி ஜாவாவில் பாண்டாம் என்ற துறைமுகத்தில் 1603 முதல் 1682 வரை கிடங்கு வைத்திருந்தது. மிளகு வாங்கப் போனவர்களுக்கு இந்தச் சாறு அறிமுகமானது இம்மாதிரித் துறைமுகங்களில்தான். 1690களின் கடைசியில் லண்டனில் அச்சான ஒரு விசித்திர அகராதியில், திருடர்கள், நாடோடிகள், பிச்சைக்காரர்களின் குழூஉக்குறிகளைத் தொகுத்த அகராதியில், இந்தச் சொல் இடம்பெறுகிறது. கிழக்கிந்தியாவின் உயர்ந்த ரகச் சாறு என்பது அங்கே அதற்குப் பொருள். கப்பலிலிருந்து இறங்கிய சொல் முதலில் போய்ச் சேருமிடம் பண்டிதர் வீடு அல்ல என்பதை நம் அகராதிக்காரர்களும் கவனிக்கலாம்.

1711இல் சார்லஸ் லாக்கியர் என்ற வணிகர் கீழை நாட்டு வியாபாரத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நம் புனித ஜார்ஜ் கோட்டையைப் பற்றியும் அதில் நிறைய இருக்கிறது. அவர் கணக்குப்படி சோயா ஜப்பானிலிருந்து தொட்டிகளில் வருகிறது. கெட்சப்பில் உயர்ந்தது டோங்கினிலிருந்து, அதாவது இன்றைய வட வியட்நாமிலிருந்து வருகிறது. இரண்டுமே சீனாவில் மலிவாகக் கிடைக்கும். நல்ல லாபம் தரும் சரக்கு. ருசியைப் பற்றி அவருக்கு அபிப்பிராயம் இருந்ததாகத் தெரியவில்லை. டோங்கின் என்ற இந்த ஊர்ப்பெயரை வாசகர் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

மீன்சாறு கடல் கடந்தது இதுதான் முதல் தடவை என்று எண்ண வேண்டாம். ரோமாபுரியார் 'காரும்' என்றும் 'லிக்வாமென்' என்றும் சொன்ன சாறும் இதே காரியம்தான்: சிறு மீன்கள், மீன்குடல், உப்பு, வெயில், பொறுமை. புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945இல் வீலர் தோண்டியெடுத்த ரோமானிய ஜாடிச் சில்லுகளை எல்லோரும் திராட்சை மது வந்த ஜாடிகள் என்றே பேசிக்கொண்டிருந்தோம். பிற்பாடு எலிசபெத் லைடிங் வில் என்ற ஆய்வாளர் அவற்றை வகை பிரித்தபோது, மதுவோடு ஆலிவ் எண்ணெயும், ஸ்பெயின் பக்கத்து மீன்சாறும் வந்த ஜாடிகள் அவற்றில் இருப்பது தெரிந்தது. யவனரைப் பற்றி நாம் எழுதும்போது மதுவும் பொன்னும் மட்டும் போதும் என்று இருந்துவிட்டோம். மீன் துள்ளும் கடற்கரைக்கு ஒருவன் ஆயிரக்கணக்கான மைல் தாண்டித் தன் ஊர் மீன்சாற்றைச் சுமந்து வந்திருக்கிறான். மீன் கிடைக்காது என்றா? இல்லை. இந்த ஊர் மீன் அந்த ஊர் மீன் மாதிரி ருசிக்காது என்று. தொட்டுக்கொள்ளும் பொருளின் வேலை அன்றைக்கே இதுதான். அயலான் வீட்டுச் சோற்றைத் தன் வீட்டுச் சோறாக்குவது.

இங்கிலாந்துக்குப் போன கெட்சப்புக்கு நேர்ந்தது வேறு. அங்கே போனவுடன் அது மூலத்தை விட்டு நழுவத் தொடங்கியது. டோங்கின் சாறு விலை அதிகம், கிடைப்பது அரிது. இருப்பதைக் கொண்டு போலி செய்யலானார்கள். 1727இல் எலிசா ஸ்மித் என்பவரின் சமையல் நூலில் 'இங்கிலீஷ் கெட்சப்' வருகிறது. அதில் நெத்திலி போன்ற சிறு மீன் இன்னும் இருக்கிறது. கூடவே சிறு வெங்காயம், வினிகர், வெள்ளை ஒயின், இஞ்சி, கிராம்பு, ஜாதிபத்திரி. 1747இல் ஹன்னா கிளாஸ் கப்பல் கேப்டன்களுக்காகவே தனி அத்தியாயம் ஒதுக்கி, இருபது வருஷம் கெடாமலிருக்கும் கெட்சப்புக்கு முறை சொல்கிறார். பழம் பீர், நெத்திலி, காளான் முதலியவற்றைச் சுண்டக் காய்ச்சுவது. இதைக் கிழக்கிந்தியாவுக்கே கொண்டுபோகலாம் என்று அவர் நம்பினார். கிழக்கிலிருந்து வந்த சாறின் போலி, கிழக்கே போகிற கப்பலில் ஏற்றப்படுகிறது! காலனி ஆதிக்கத்தைப் பற்றிக் கனமான கட்டுரைகள் எழுதுகிறவர்களுக்கு இந்த ஒரு செய்முறை போதும்.

பிறகு மீன் மெள்ள விலகுகிறது. காளானை உப்பில் போட்டு வடிந்த நீரை வாசனைப் பொருள்களோடு காய்ச்சினால் காளான் கெட்சப். பச்சை வால்நட் காயைப் போட்டால் வால்நட் கெட்சப். ஜேன் ஆஸ்டின் குடும்பத்தோடு வாழ்ந்த மார்த்தா லாயிடின் கையெழுத்துச் சமையல் ஏட்டில் அது இருக்கிறது. சிப்பியில் செய்தார்கள், பழங்களில் செய்தார்கள். நூறு வருஷ காலத்துக்கு 'கெட்சப்' ஒரு பொருளின் பெயராக இல்லை, ஒரு வினையின் பெயராகிவிட்டது: எதையாவது உப்பிலும் புளிப்பிலும் சுண்டவைத்து, கறுப்பாக, நீர்க்க, நெடுநாளைக்கு வைத்துக்கொள்வது. தக்காளி வந்து சேர்ந்தது கடைசியில்தான். ஃபிலடெல்ஃபியாவில் ஜேம்ஸ் மீஸ் என்ற மருத்துவர் 1812இல் தக்காளி கெட்சப்புக்குச் செய்முறை அச்சிட்டார். அப்போது தக்காளிக்குக் 'காதல் ஆப்பிள்' என்று பெயர். தொடக்க காலத் தக்காளி கெட்சப்புகள் சிலவற்றில் நெத்திலி ஒட்டிக்கொண்டிருந்தது. பழைய செய்யுளின் எதுகை புதுக்கவிதையில் தெரியாமல் வந்து விழுவதைப் போல என்று சொல்லலாம். பிறகு அதுவும் போயிற்று.

இந்த இடத்தில் லேபிள்காரர் ஜெயித்துவிட்டதாகத் தோன்றும். மீன் போய்விட்டது, சீனம் போய்விட்டது, நொதித்தல் போய்விட்டது, மிச்சம் பெயர் மட்டும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் 1908இல் டோக்கியோவில் இகேடா கிகுனாயே என்ற வேதியியலாளர் கடற்பாசிக் கஞ்சியிலிருந்து ஒரு ருசியைப் பிரித்தெடுத்தார். இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு எதிலும் சேராத அதற்கு 'உமாமி' என்று பெயரிட்டார். அதன் காரணம் குளூட்டமிக் அமிலம் என்று கண்டார். அந்த அமிலம் புளித்த மீன்சாற்றில் ஏராளம். சோயாவில் ஏராளம். காளானில் உண்டு. பழுத்த தக்காளியில் உண்டு. வால்நட்டைப் பற்றி இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் மொத்தத்தில், மூலத்தை ஒருமுறைகூட ருசித்திராத இங்கிலாந்துச் சமையற்காரிகள், போலிக்குப் போலி செய்து போகும்போது, நாக்கு ஒன்றையே துணையாகக் கொண்டு, அந்த ஒரு ருசி இருக்கும் பொருள்களையே மறுபடி மறுபடி தேடிப்பிடித்திருக்கிறார்கள். பெயரும் தங்கியது, பெயருக்குப் பின்னால் அவர்கள் யாருக்குமே தெரியாத ஒன்றும் தங்கியது. பேணிக் காத்ததால் தங்கியதல்ல அது. நடுவில் இருந்த எல்லாவற்றையும்தான் அவர்கள் பேண முயன்றார்கள், அவை போய்விட்டன.

இனி அமெரிக்கா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தக்காளி கெட்சப் அங்கே ஆலைச் சரக்கு. பெரும்பாலும் தக்காளியை டப்பாவில் அடைக்கும் ஆலைகளில் மிஞ்சிய தோல், காம்பு, கழிவு ஆகியவற்றிலிருந்து செய்தார்கள். மாதக்கணக்கில் பீப்பாயில் கிடக்கும். சாயம் நிலக்கரித் தாரிலிருந்து. கெடாமலிருக்க சோடியம் பென்ஸோயேட் முதலான ரசாயனங்கள். நீர்த்த, மங்கிய திரவம். பிட்ஸ்பர்க் அருகே ஷார்ப்ஸ்பர்க்கில் 1869இல் குதிரைமுள்ளங்கித் துருவலைத் தெளிந்த கண்ணாடிப் புட்டியில் விற்றுத் தொழில் தொடங்கிய ஹென்றி ஹைன்ஸ், 1875இல் திவாலாகி, அடுத்த வருஷமே எழுந்து கெட்சப் விற்க வந்தார். உள்ளே இருப்பது தெரியட்டும் என்று கண்ணாடியைத் தெளிவாக வைத்தது வியாபார தந்திரம். ஒளிக்க ஒன்றுமில்லை என்பதைக் காட்டுவதும் ஒரு தந்திரமாக இருக்க முடியும் என்பது நம் 'யதார்த்தவாத' நாவலாசிரியர்களைப் படித்தவர்களுக்கு ஆச்சரியமாக இராது.

அதே சமயம் வாஷிங்டனில் ஹார்வி வைலி என்றொருவர். விவசாய இலாகாவின் தலைமை ரசாயனர். 1902 கடைசியில் பன்னிரண்டு இளைஞர்களை இலாகாக் கட்டடத்தின் நிலவறையில் உட்கார வைத்து, சாப்பாட்டோடு வெண்காரம், சாலிசிலிக் அமிலம், பென்ஸோயேட், ஃபார்மால்டிஹைட் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்து, என்ன ஆகிறது என்று குறித்து வந்தார். பத்திரிகைகள் அதற்கு 'விஷப்படை' என்று பெயரிட்டன. 1906இல் வந்த தூய உணவு மருந்துச் சட்டத்தின் பின்னணியில் வைலியின் பிடிவாதம் நிற்கிறது. சட்டம் வந்த பின்னும் பென்ஸோயேட் விஷமா இல்லையா என்ற சண்டை ஓயவில்லை. ஆலைக்காரர்கள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டிடம் போனார்கள். அந்தச் சந்திப்பைப் பற்றி வைலியே சொல்லியிருக்கிறார். பென்ஸோயேட் கெடுதல் என்று ரூஸ்வெல்ட்டுக்கு ஏறக்குறையப் புரிந்துவிட்ட தருணத்தில், பேச்சு சாக்கரினுக்குத் திரும்பியது. வைலி வாயை மூடிக்கொண்டிருக்காமல், சாக்கரின் சேர்த்த உணவைச் சாப்பிட்டவர்கள் எல்லோரும் ஏமாற்றப்பட்டவர்கள், அது உடம்புக்குக் கெடுதல் என்று குறுக்கே சொன்னார். ரூஸ்வெல்ட்டின் வைத்தியர் அவருக்குத் தினமும் கொடுத்துவந்தது சாக்கரின். ஜனாதிபதிக்கு மகா கோபம். 1908இல் வைலிக்கு மேலே ஒரு நிபுணர் குழு நியமிக்கப்பட்டது. அதன் தலைவர் ஐரா ரெம்சன். சாக்கரின் கண்டுபிடிக்கப்பட்ட ஆய்வுக்கூடமே அவருடையதுதான். குழு, சிறிய அளவில் பென்ஸோயேட் தீங்கில்லை என்று 1909இல் சொல்லிற்று. 1912இல் வைலி ராஜினாமா செய்தார். இன்றைக்கும் அமெரிக்காவில் 0.1 சதவீதம் வரை அதற்கு அனுமதி உண்டு. நேர்மையான அதிகாரி ஒருவர் தப்பான நேரத்தில் சரியான வாக்கியத்தைச் சொல்லி வீணாய்ப்போனதை, எந்த ஆபீஸில் வேலை பார்ப்பவனும் புரிந்துகொள்வான்.

ஆனால் கெட்சப்பின் விதி நிபுணர் குழுவில் நிர்ணயமாகவில்லை. பென்ஸோயேட் இல்லாமல் கெட்சப்பைக் கெடாமல் வைக்க முடியுமா என்று ஆர்வில் பிட்டிங், கேதரின் பிட்டிங் என்ற தம்பதி இலாகாவுக்காகச் சோதித்தார்கள். நூற்றுக்கணக்கான புட்டிகள், எது எத்தனை நாளில் பொங்குகிறது, எதில் பூசணம் பூக்கிறது என்று கணக்கு. நல்ல பழுத்த தக்காளி, தாராளமான வினிகர், தாராளமான சர்க்கரை இருந்தால் ரசாயனம் வேண்டாம் என்று 1909இல் வெளியான அறிக்கை காட்டியது. ஹைன்ஸ் ஆலையும் அதே காலத்தில் அதே முடிவுக்கு வந்திருந்தது. பழுத்த தக்காளியில் பெக்டின் அதிகம், அதனால் சாறு கெட்டிப்பட்டது. வினிகர் ஏறியது, அதன் காரத்தை அமுக்கச் சர்க்கரையும் ஏறியது. புட்டியைக் கவிழ்த்தால் இறங்க மறுக்கும், பின்பக்கம் தட்டினால் திடீரென்று தட்டு நிறைய விழும் அந்தச் சிவப்புக் குழம்பு பிறந்தது இப்படித்தான். பிற்பாடு அமெரிக்கச் சட்டமே அந்தக் கெட்டித்தன்மையை வரையறுத்தது: 20 டிகிரியில், 30 விநாடியில், 14 சென்டிமீட்டருக்கு மேல் ஓடக் கூடாது. பாண்டாமில் ருசித்தவன் இதைக் கண்டால் மருந்து என்று நினைத்திருப்பான்.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. இன்று உலகம் முழுக்கக் குழந்தைகள் விரும்புகிற அந்த இனிப்பும் புளிப்பும் யாருடைய நாக்கின் தேர்வும் அல்ல. கெடாமலிருப்பதற்காக நேர்ந்த நிர்ப்பந்தம். ஒரு மேஜைக்கரண்டி கெட்சப்பில் 4 கிராம் சர்க்கரை. அதாவது எடையில் ஏறக்குறைய கால் பங்கு. அந்த நிர்ப்பந்தம் ஃபிரிட்ஜ் வந்தவுடன் தளர்ந்திருக்க வேண்டும். தளரவில்லை. அதற்குள் நிர்ப்பந்தம் ருசியாகிவிட்டிருந்தது.

ஃபிரிட்ஜ் வந்த காலமும் தொலைவில் இல்லை. வீடுகளுக்கான மின்சார ஃபிரிட்ஜ் பரவலாக விற்பனையானது 1927இல் ஜெனரல் எலக்ட்ரிக் விட்ட, தலையில் உருண்டைக் கம்ப்ரசரோடு நின்ற மாடலுக்குப் பிறகு. 1933இல் ஸின்ஸினாட்டியின் க்ராஸ்லி கம்பெனி கதவின் உட்பக்கத்தில் தட்டுகள் வைத்து 'ஷெல்வடார்' என்று விற்றது. அதுவரை கதவு வெறும் கதவு. தட்டு வந்தபின், அதில் நிற்கும் உயரமும் பருமனும் உள்ளவை எவையோ அவை வந்து நின்றன. கெட்சப்புக்குக் குளிர் தேவையா என்ற கேள்வி அப்போது எழவில்லை. இடம் இருந்தது, புட்டி பொருந்தியது. ஹோட்டல் மேஜைகளில் அதே கெட்சப் நாள் முழுக்க வெளியில் நிற்கிறது, ஒன்றும் ஆவதில்லை. 2023 ஜூனில் ஹைன்ஸின் பிரிட்டிஷ் கிளை, கெட்சப் ஃபிரிட்ஜில்தான் வைக்கப்பட வேண்டும் என்று சமூக ஊடகத்தில் ஒரு வரி அறிவிக்க, அலமாரிக் கட்சிக்கும் ஃபிரிட்ஜ் கட்சிக்கும் அந்த நாட்டில் பெரிய சண்டை. இருபது வருஷம் கெடாத கெட்சப்பைக் கப்பலில் ஏற்றியவர்களின் பேரப்பிள்ளைகள்!

எங்கள் வங்கியில் இரண்டு வருஷம் வரவு செலவு இல்லாத கணக்கைச் செயல்படாத கணக்கு என்று ஒதுக்கிவைப்பார்கள். பணம் பத்திரமாக இருக்கும். பத்து வருஷமானால் ரிஸர்வ் வங்கியின் நிதிக்குப் போகும். ஃபிரிட்ஜ் கதவில் நிற்கும் புட்டிகளில் பாதி இந்த ரகம். அந்தக் கடுகு விழுதைச் சொல்கிறேன். அதை எறியவும் கை வரவில்லை, எடுத்துச் சாப்பிடவும் நேரம் வாய்க்கவில்லை.

தொட்டுக்கொள்ளும் பொருள் உணவா, உணவில்லையா? 1981இல் ரீகன் அரசாங்கம் பள்ளிக்கூட மதிய உணவுக்கான பணத்தைக் குறைத்த கையோடு, ஊறுகாய்த் துருவல் மாதிரிப் பொருள்களையும் காய்கறிக் கணக்கில் சேர்க்கலாம் என்று ஒரு விதி தயாரித்தது. விதியில் கெட்சப் என்ற சொல் இல்லை. ஆனால் பத்திரிகைகள் அதைக் கெட்சப் என்றே படித்தன, நாடே சிரித்தது, விதி வாபஸானது. சிரித்தவர்கள் பக்கம்தான் நியாயம். ஆனால் அது ஏன் சிரிப்பாக இருந்தது என்று யோசித்தால், வடமொழியில் 'வியஞ்ஜனம்' என்ற சொல் நினைவுக்கு வருகிறது. சோற்றோடு சேர்த்துக்கொள்ளும் பொருளுக்கும் அதுதான் பெயர், மெய்யெழுத்துக்கும் அதுதான் பெயர். தானாக நிற்க முடியாதது, உயிர் ஒன்று வந்தால்தான் ஒலிப்பது. காஷ்மீரத்து ஆனந்தவர்த்தனர் ஒன்பதாம் நூற்றாண்டில் கவிதையின் குறிப்புப் பொருளைப் பேசியதும் இதே வேரிலிருந்து வந்த சொல்லால்தான். நம் தென்மாவட்டங்களில் இன்றும் 'வெஞ்சனம்' என்பார்கள். "வெஞ்சனம் என்ன?" என்று கேட்பவருக்குச் சோறு இருக்கிறது என்று அர்த்தம். மெய்யெழுத்தை உயிரெழுத்தாகக் கணக்கெழுதப் பார்த்ததைத்தான் அமெரிக்கர்கள் சிரித்தார்கள், இலக்கணம் தெரியாமலே.

டோங்கினுக்குத் திரும்புகிறேன். 1978 டிசம்பரில் 'ஹுவி ஃபாங்' என்ற சரக்குக் கப்பல் 3,300க்கு மேற்பட்ட வியட்நாமிய அகதிகளோடு ஹாங்காங் கரையை அடைந்து, உள்ளே விடப்படாமல் வாரக்கணக்கில் நின்றது. அகதிகளில் பெரும்பாலோர் வியட்நாமில் வாழ்ந்த சீனர்கள். அதில் வந்த டேவிட் டிரான் என்பவர், சைகோன் பக்கத்தில் மிளகாய்ச் சாந்து அரைத்து, அமெரிக்கப் படையினர் வீசியெறிந்த குழந்தையுணவுப் புட்டிகளில் அடைத்து விற்றவர். 1980இல் லாஸ் ஏஞ்சலீஸில் சாஸ் ஆலை தொடங்கி, கப்பலின் பெயரையே அதற்கு வைத்தார். சாஸின் பெயர் தாய்லாந்துக் கடற்கரை ஊர் ஒன்றின் பெயர், ஸ்ரீராச்சா. அந்த ஊர்க்காரர்கள் இது எங்கள் சாஸ் இல்லை என்கிறார்கள். சேவல் படம் போட்ட, பச்சை மூடிப் புட்டி. அமெரிக்காவின் ஃபிரிட்ஜ் கதவுகளில் கெட்சப்புக்குப் பக்கத்தில் அது வந்து நின்றது. ஒன்று வியட்நாமின் வடக்கிலிருந்து முந்நூறு வருஷத்துக்கு முன் கிளம்பியது, மற்றது தெற்கிலிருந்து நேற்றுக் கிளம்பியது. இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளாது.

கடைசிப் புட்டி. என் அம்மா ஒவ்வொரு மாசியிலும் மாவடு போடுவாள். எங்கள் வீட்டுக் கணக்கு எட்டுப் படி வடுவுக்கு ஒரு படி கல்லுப்பு. விளக்கெண்ணெய் தடவிய வடு, கடுகு, மிளகாய், மஞ்சள், பீங்கான் ஜாடி, வாயில் கட்டிய வெள்ளைத் துணி. ஒரு வாரத்தில் தன் நீரிலேயே சுருங்கி மிதக்கும். ஈரக் கையோடு யாரும் கிட்டே போகக் கூடாது. அடுத்த மாசி வரை, சில வருஷம் அதற்கப்புறமும், அது கெட்டதில்லை. ஃபிரிட்ஜ் வாங்கிய புதிதில் ஜாடியை அதற்குள் வைக்கலாமே என்றதற்கு, "அதுக்கு என்ன ஜுரமா?" என்று கேட்டவள்.

போன வருஷத்துக்கு முந்திய வருஷம் ரத்த அழுத்தம் ஏறி மயங்கி விழுந்தாள். மருத்துவமனையில் நான்கு நாள். உப்பைப் பாதியாகக் குறையுங்கள், ஊறுகாயை மறந்துவிடுங்கள் என்றார் டாக்டர். முன்னதைக் கேட்டாள், பின்னதைக் கேட்கவில்லை. அந்த மாசியில் அரைப் படி உப்பு போட்டு வடு போட்டாள். பதினைந்தாம் நாள் ஜாடியின் மேல் வெள்ளையாகப் பூசணம். கொல்லையில் கொண்டுபோய்க் கொட்டினாள். அவள் ஜாடியைக் கவிழ்த்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இந்த வருஷம் மறுபடி அரைப் படி உப்பு. மூன்றாம் நாளே என் மனைவி வடுவைக் கண்ணாடிப் புட்டிக்கு மாற்றி ஃபிரிட்ஜ் கதவில் வைத்தாள். கெடவில்லை. நன்றாகவே இருக்கிறது. கடித்தால் சத்தம் வருகிறது, கடுகு காரம் ஏறுகிறது. எனக்குப் பழைய மாவடுவுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அம்மா ஒரு வடுவை எடுத்துக் கடித்துப் பார்த்தாள். தட்டின் ஓரத்தில் வைத்தாள். "மாவடு இல்லடா இது" என்றாள். "உப்புத் தண்ணில நனைச்ச பிஞ்சு."

வடு அதே வடு. கடுகு அதே கடுகு. கை அதே கை. உப்பில் பாதிதான் குறைவு. மீனைக் கைவிட்டு, காளானைக் கைவிட்டு, நொதிப்பைக் கைவிட்டு, ஒரு கண்டத்திலிருந்து இன்னொரு கண்டத்துக்குப் போய்ச் சர்க்கரைப் பாகாக ஆன பிறகும் ஒரு ஜாதி அதைக் கெட்சப் என்றே அழைத்து வந்திருக்கிறது. என் அம்மா அரைப் படி உப்புக்காகப் பெயரைத் தர மறுக்கிறாள். ஒவ்வாததை ஒவ்வும் என்று சொல்ல அவளுக்குத் தெரியவில்லை என்று அன்று முதலில் எரிச்சல் பட்டேன். ஆனால் அவளுக்கு மாவடு என்பது வடுவும் கடுகும் அல்ல. வெளியில், வெயிலிலும் மழையிலும், துணி கட்டிய ஜாடிக்குள் தானாகவே நிற்கும் ஒன்று. நிற்காத ஒன்றுக்கு அந்தப் பெயர் எப்படிப் பொருந்தும்? ஊறுகாய் ஜாடியை உதாரணம் காட்டிய கவிஞர் அவளைக் கேட்டிருக்கலாம். லேபிள்காரரும்தான்.

தினமும் தயிர்சாதத்துக்கு அவள் அதிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறாள், இரண்டு வடு. வேண்டும்போது, "அந்தக் கதவுல இருக்கறதைக் கொண்டா" என்கிறாள். புட்டிகளுக்கெல்லாம் பெயர்ச்சீட்டு எழுதி ஒட்டும் வழக்கம் என் மனைவிக்கு உண்டு. இதற்கு மட்டும் என்ன எழுதுவது என்று அம்மாவைக் கேட்டிருக்கிறாள். இப்போது அதில் ஒட்டியிருக்கும் சீட்டில் தேதி மட்டும் இருக்கிறது.